யாருடன்? எதற்கு?

கம்பெனி கொடுக்கும் கிரெடிட் கார்டு ஊழியரின் பர்சில், சொந்தக் கார்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது யார்? ஹைதராபாத்திலிருந்து ஒரு பார்வை.

அமீர்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அக்கா மகளின் வளைகாப்புக்குப் புடவை எடுத்துவிட்டு, கல்லாவில் இருந்த பையனிடம் கார்டை நீட்டினேன். 4,860 ரூபாய். ரகசிய எண்ணை அழுத்தினேன், சீட்டு வந்தது, பையை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியும் விட்டேன். செல்போனில் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. கடைசி நான்கு எண்கள் என் கார்டுடையவை அல்ல. அலுவலகம் கொடுத்த கார்டு அது. இரண்டும் ஒரே வங்கி, இரண்டும் ஒரே நீல நிறம். போதாக்குறைக்கு, மறந்துவிடக் கூடாதே என்று இரண்டுக்கும் ஒரே ரகசிய எண்ணை வைத்திருந்த என் புத்திசாலித்தனம் வேறு.

எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு மொழிபெயர்ப்பையும் பத்திரிகை வேலையையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்த எனக்கு, அதற்கு முன் கம்பெனி கார்டு என்ற ஒன்றைக் கையில் வைத்திருந்த அனுபவம் கிடையாது. மென்பொருள்களைத் தென்னக மொழிகளில் பெயர்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் அடிக்கடி போக வேண்டியிருந்ததால் கார்டு கொடுத்தார்கள். கொடுத்தபோது நான்கு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு என் வணக்கம்.

திங்கள்கிழமை காலை கணக்குப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் ஓய்வு பெற இரண்டு வருடம் மிச்சமிருந்த தெலுங்குக்காரர். எல்லாக் கணக்கும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட பிறகும், கார்டு செலவுகளுக்கென்று ஒரு நீளமான பேரேட்டைத் தனியாக வைத்திருந்தார். அதில் வழக்கமான தேதி, கடை, தொகை ஆகியவற்றோடு இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு. ‘எவரிதோ?’ (யாருடன்?), ‘எந்துக்கு?’ (எதற்கு?). நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. பேரேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “நீங்களே எழுதுங்கம்மா, உங்கள் கையால்” என்றார். எழுதினேன்: சொந்தச் செலவு, தவறுதலாக, திருப்பிச் செலுத்தப்பட்டது. பணம் கட்டிய ரசீதை அவர் அதே வரியில் குண்டூசியால் குத்தினார். அந்தப் பக்கத்தில் எனக்கு ஆறு வரி மேலே இன்னொரு பெயர் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கம்பெனி கார்டு பற்றி யோசிக்க ஹைதராபாத் பொருத்தமான ஊர். 1998ல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பிறகு மாதாப்பூரிலிருந்து கச்சிபவுலி வரை எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களில், அடையாள அட்டையைக் கழுத்திலும் கம்பெனி கார்டைப் பர்சிலும் சுமந்து திரிபவர்களுக்குப் பஞ்சமில்லை. கிரெடிட் கார்டுக்கும் இந்த ஊருக்கும் அதற்கு முந்தைய உறவு ஒன்றும் உண்டு. 1923ல் பட்டாபி சீதாராமய்யா மசூலிப்பட்டினத்தில் தொடங்கி, பிற்பாடு ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரா வங்கி, இந்தியாவில் கிரெடிட் கார்டு வெளியிட்ட முதல் சில வங்கிகளில் ஒன்று. சென்ட்ரல் வங்கி 1980ல் தொடங்கி வைத்தது. ஆந்திரா வங்கி அடுத்த ஆண்டே வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் அந்த வங்கி யூனியன் வங்கியோடு இணைக்கப்பட்டது. கடன் என்றாலே முகம் சுளித்த ஒரு தலைமுறைக்குக் கடன் அட்டையை அறிமுகப்படுத்தியதில் அதற்குப் பங்குண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்டு என்ற சமாசாரமே குடும்பச் செலவுக்காகப் பிறந்ததல்ல. 1950ல் நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்நமாரா தொடங்கிய டைனர்ஸ் கிளப், வாடிக்கையாளர்களை ஓட்டலுக்கு அழைத்துப்போய் விருந்து வைக்கும் வியாபாரிகளை நம்பித்தான் கடை விரித்தது. அவர் ஒருமுறை பர்சை மறந்து ஓட்டலுக்குப் போய் அவமானப்பட்டதால் இந்த யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு. அது பிற்பாடு விளம்பரத்துக்காகச் சமைக்கப்பட்டது என்று சொல்பவர்களும் உண்டு. ஆக, பிறந்த நாளிலிருந்தே கார்டோடு ஒட்டிக்கொண்டு வந்த கேள்வி இது: விருந்தில் உட்கார்ந்திருந்தது வாடிக்கையாளரா, மைத்துனரா?

கார்டுக்கு முந்தைய காலம் நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெளியூர் போக வேண்டுமென்றால் காசாளரிடம் அட்வான்ஸ் வாங்க வேண்டும். திரும்பி வந்ததும் டி.ஏ. பில். ரயில் டிக்கெட்டின் மிச்சம், லாட்ஜ் ரசீது, கையால் எழுதிய ஆட்டோ வவுச்சர், அதில் ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப். ரசீது இல்லாத செலவுக்கு ரசீது ‘ஏற்பாடு’ செய்வது ஒரு தனிக் கலை. வெற்று ரசீதில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்து, “தொகையை நீங்களே எழுதிக்குங்க சார்” என்று சொல்லும் லாட்ஜ் மேலாளர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அந்த ஏற்பாட்டில் சாட்சி, நீதிபதி, பயனாளி எல்லாமே ஒரே ஆள்தான்.

கார்டு இதைத்தான் மாற்றியது. மாதம் முடிந்ததும் வரும் ஸ்டேட்மெண்ட்டை ஊழியர் எழுதவில்லை, கம்பெனியும் எழுதவில்லை. மூன்றாவது ஆளான வங்கி எழுதுகிறது. இன்ன தேதி, இன்ன இடம், இத்தனை ரூபாய். இதில் யாரும் பேனாவை வைத்து ஒன்பதைத் தொண்ணூறாக்க முடியாது. வங்கியிடமிருந்து நேராக வரும் தாளுக்கு என்ன மதிப்பு என்பதை ஹைதராபாத்துக்குப் புரியவைத்தது சத்யம். 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, ஏடுகளில் இருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி வெறும் கற்பனை. போலி வங்கி ஸ்டேட்மெண்ட்டுகளும் போலி வைப்புநிதி ரசீதுகளும் வருடக்கணக்கில் அந்தக் கற்பனைக்கு உடல் கொடுத்திருந்தன. 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். சத்யம் விவகாரம் கிரெடிட் கார்டு விவகாரம் அல்ல. ஆனால் யார் கையிலிருந்து தாள் வருகிறது என்று பார்க்காமல் தாளை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இந்தியாவில் இல்லை.

ஆனால் வங்கியின் சாட்சியம் பாதிச் சாட்சியம்தான். எங்கே, எப்போது, எவ்வளவு என்ற மூன்றும் அதில் இருக்கும். யாருடன், எதற்கு என்ற இரண்டும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை இரவு பிரியாணிக் கடையில் 3,200 ரூபாய் என்றால், சிங்கப்பூரிலிருந்து வந்த வாடிக்கையாளருக்கு வைத்த விருந்தாகவும் இருக்கலாம், குழந்தையின் பிறந்தநாளாகவும் இருக்கலாம். பெரியவரின் பேரேட்டில் அந்த இரண்டு கட்டங்கள் தனியாக இருந்ததன் காரணம் எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கின்றன. கார்டை ஏற்கும் ஒவ்வொரு கடைக்கும் அதன் தொழிலைக் குறிக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. ஓட்டலுக்கு 5812, மது விற்கும் பாருக்கு 5813, நகைக் கடைக்கு 5944, சூதாட்டத்துக்கு 7995. இன்னின்ன எண்ணுள்ள கடைகளில் எங்கள் ஊழியர்களின் கார்டு வேலை செய்யக் கூடாது என்று கம்பெனி வங்கியிடம் சொல்லிவிட முடியும். ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதையும் அடைத்துவிடலாம். அடைக்கவும் வேண்டும், ஏனென்றால் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணத்தோடு அன்றைய தேதியிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். என் அலுவலகம் துணிக்கடைகளை அடைத்திருந்தால் அன்றைக்கு அமீர்பேட்டையிலேயே கார்டு மறுத்திருக்கும். பையன் முன்னால் ஒரு நிமிட வெட்கத்தோடு போயிருக்கும்.

ஆனால் பூட்டு போட்டுவிட்டோம் என்று தூங்கிவிடவும் முடியாது. நட்சத்திர ஓட்டலில் தங்குபவர் அங்கேயே மசாஜ் செய்துகொண்டாலும் மனைவிக்கு முத்துமாலை வாங்கினாலும், அறைக் கணக்கில் சேர்த்துவிட்டால், வங்கியின் கண்ணுக்கு எல்லாமே ஓட்டல்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பது ஓட்டலின் விவரமான பில்லில்தான் தெரியும். அதனால்தான் கார்டு சீட்டு வேறு, பில் வேறு என்று கணக்குப் பிரிவில் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். விமான டிக்கெட்டைக் கம்பெனி கார்டில் எடுத்து, ரத்து செய்து, திரும்ப வரும் பணத்தை விமானக் கம்பெனியின் கூப்பனாக வாங்கிச் சொந்தப் பயணத்துக்கு வைத்துக்கொள்வது ஒரு வழி. ஒப்புதல் வரம்பு பத்தாயிரம் என்றால் பதினெட்டாயிரத்தை இரண்டு ஒன்பதாயிரமாக வெட்டுவது இன்னொன்று. கார்டில் கட்டிய பில்லையே ‘என் கைக்காசு’ என்று சொல்லி மறுபடி கிளெய்ம் செய்வது எல்லாவற்றிலும் சுலபமானது. கார்டு கணக்கை ஒருவரும் கிளெய்ம் கணக்கை வேறொருவரும் பார்க்கும் அலுவலகங்களில் இரண்டு தாளும் ஒரே மேஜையில் சந்திப்பதே இல்லை.

வேண்டுமென்று செய்யாத விரயமும் இருக்கிறது. ஒரு மாத இலவச உபயோகத்துக்கென்று கார்டு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்த மென்பொருளை எல்லோரும் மறந்துபோவார்கள், மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். பதிவு செய்தவர் ராஜினாமா செய்திருப்பார். ஊழியர் விலகும் நாளில் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் நினைவாகக் கேட்டு வாங்குகிறார்கள். பர்சில் இருக்கும் கார்டைக் கேட்டாலும், அதன் எண் எங்கெங்கே பதிந்து கிடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

இந்த ‘யாருடன், எதற்கு’ கேள்வி ஏதோ ஒரு பழைய காலத்துக் கணக்கரின் பிடிவாதம் என்று நினைத்தால் அது தவறு. வருமானவரித் துறை அதே கேள்வியைத்தான் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறது. முதலாளி கொடுத்த கிரெடிட் கார்டில் ஊழியரோ அவர் குடும்பத்தாரோ செய்யும் செலவு, கார்டின் ஆண்டுக் கட்டணம் உட்பட, ஊழியருக்குக் கிடைத்த சலுகையாகக் கருதப்பட்டு அவருடைய சம்பளத்தோடு சேர்த்து வரி போடப்படும் என்பது பொது விதி. முழுக்க முழுக்க அலுவலகக் காரியத்துக்காகச் செய்த செலவு என்றால் விலக்கு. விலக்குக்கு இரண்டு நிபந்தனைகள். செலவின் தேதியும் தன்மையும் கம்பெனியிடம் எழுத்தில் இருக்க வேண்டும். அது அலுவலக வேலைக்கான செலவுதான் என்று கம்பெனி சான்று தர வேண்டும். எழுதி வைக்காத கம்பெனி தன் பணத்தை மட்டும் அல்ல, நேர்மையான ஊழியரின் வரிப் பாதுகாப்பையும் சேர்த்தே தொலைக்கிறது. இதை எத்தனை ஊழியர்கள் அறிந்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஜி.எஸ்.டி.யில் இன்னொரு கூத்து. ஹைதராபாத் கம்பெனியின் ஊழியர் சென்னையில் ஓட்டலில் தங்கினால், கட்டடம் இருக்கும் இடம்தான் சேவை நடந்த இடம் என்ற கணக்கில், மத்திய வரியோடு தமிழ்நாட்டு வரியும் பில்லில் விழும். தெலங்கானாவில் மட்டும் பதிவு பெற்ற கம்பெனிக்கு அந்த வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. அதே ஊழியர் விமான டிக்கெட் எடுக்கும்போது கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணைக் குறிப்பிட்டால் கழிவு கிடைக்கும், மறந்தால் போச்சு. ஊழியர் கார்டைத் தேய்க்கும் அந்த ஒரு நிமிடத்தில், கணக்குப் பிரிவு பிறகு எத்தனை நாள் போராடினாலும் மீட்க முடியாத சில விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன.

ரிசர்வ் வங்கியும் 2022 ஏப்ரலில் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகளில், வணிக நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கார்டுகளில் பணம் கடைசியில் எதற்குப் பயன்படுகிறது என்பதைக் கண்காணிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று வங்கிகளுக்குச் சொன்னது. வங்கிகள் அந்தப் பொறுப்பைக் கம்பெனிகளின் தலையில் வைக்கும், கம்பெனிகள் மேலாளர்கள் தலையில் வைக்கும். மேலாளர்கள்? மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை கம்ப்யூட்டரில் வரிசையாக நிற்கும் நாற்பது ஒப்புதல் பெட்டிகளில் ஒரே மூச்சில் ‘சரி’ போடுவார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2008ல் அரசு ஊழியர்களின் கொள்முதல் கார்டுகளை ஆராய்ந்தபோது, முறையான அனுமதி, பொருளை வேறொருவர் பெற்றுச் சரிபார்த்தல் என்ற அடிப்படை நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யாதவை சுமார் 41 சதவீதம் என்று மதிப்பிட்டது. சட்ட திட்டங்களுக்கு அங்கே குறைவில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. நான்கு வருடம் கழித்து, 2012ல், அரசு கார்டு முறைகேட்டைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள்.

இதில் மாட்டிக்கொள்பவர்கள் யார் என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. பெரிய அதிகாரியின் கார்டு பல அலுவலகங்களில் அவருடைய உதவியாளரின் மேஜை டிராயரில் இருக்கும். டிக்கெட், ஓட்டல், பூங்கொத்து எல்லாவற்றையும் உதவியாளரே பதிவு செய்வார். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அதிகாரியின் போனுக்கு வரும், அவர் மீட்டிங்கில் இருந்தபடியே அதை உதவியாளருக்கு அனுப்பி வைப்பார். ஒருநாள் கணக்கில் ஏதாவது இடித்தால், டிராயர் யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். வேறு சில இடங்களில் கார்டு கம்பெனி பெயரில் இருந்தாலும் வங்கிக்குப் பணம் கட்டும் பொறுப்பு ஊழியருடையது. கம்பெனி கிளெய்மைத் தாமதமாகக் கொடுத்தால் தாமதக் கட்டணம் அவர் தலையில், கடன் வரலாற்றில் கறையும் அவருக்கே. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரியவரும். கார்டை வாங்கும்போது ஊழியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு செலவழிக்கலாம் என்பதல்ல, பில் வந்தால் யார் கட்டுவது என்பதுதான். நான் கேட்கவில்லை.

தொகை சிறியதுதானே என்ற சமாதானமும் எடுபடாது. 2000களின் நடுவில் உச்சநீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில், கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் கண்டக்டரிடம் கணக்கில் வராமல் இருந்தது வெறும் 93 ரூபாய். பணிநீக்கம் சரிதான் என்றது நீதிமன்றம். இப்படிப்பட்ட வழக்குகளில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, நம்பிக்கை போய்விட்டதா என்பதை என்பது அதன் வாதம். தர்க்கம் சரிதான். ஆனால் 93 ரூபாய்க்கு வேலை போகும் நாட்டில் அதே தர்க்கம் மாடிக்கு மாடி ஏறிப் போகிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.

சில நாடுகளில் ஏறியிருக்கிறது. ஸ்வீடனில் 1995ல் துணைப் பிரதமராக இருந்த மோனா சாலின், அடுத்த பிரதமர் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தவர். அரசு கொடுத்த கார்டில் சொந்தச் செலவுகள் செய்திருந்தது அக்டோபரில் பத்திரிகைகளில் வந்தது. வாங்கியவற்றில் டாப்ளரோன் சாக்லேட்டும் இருந்ததால் விவகாரத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளத்தில் முன்பணம் எடுத்தது போலத்தான் நினைத்தேன், பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டேன் என்றார். அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டு எதுவும் பதியவில்லை. ஆனாலும் பிரதமர் போட்டியிலிருந்து அவர் விலக வேண்டியதாயிற்று. நியூசிலாந்தில் 2010ல் ஃபில் ஹீட்லி என்ற அமைச்சர் இரண்டு பாட்டில் ஒயின் உள்ளிட்ட கார்டு செலவுகளுக்காக ராஜினாமா செய்தார். தணிக்கைத் தலைவர் விசாரித்து, உள்நோக்கம் இல்லை என்று சொன்ன பிறகு திரும்ப வந்தார். அதே வருடம் ஆகஸ்டில், உலகின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்களில் ஒன்றான ஹெச்.பி.யின் தலைவர் மார்க் ஹர்ட், செலவுக் கணக்குகள் சரியில்லை என்று இயக்குநர் குழு கண்டதை அடுத்துப் பதவி விலகினார்.

நம் ஊரில் இப்படிப்பட்ட சங்கதிகள் பெரும்பாலும் கதவுக்குப் பின்னால் முடிந்துவிடும், அல்லது பெரிய சண்டையாக வெடிக்கும்போது மட்டும் வெளியே வரும். 2022 மார்ச்சில் பாரத்பே நிறுவனம் தன் இணை நிறுவனர் அஷ்னீர் குரோவரும் அவர் குடும்பத்தாரும் கம்பெனியின் செலவுக் கணக்குகளைச் சொந்த வாழ்க்கைக்குப் பயன்படுத்தினார்கள் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. அவர் மறுத்தார். 2024ல் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. கேட்டவர்களுக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான்: இத்தனை காலம் அந்தப் பில்களில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டது யார்? நிறுவனரின் பில்லை அவருக்குக் கீழே வேலை செய்பவர் சரிபார்ப்பது, சரிபார்ப்பே அல்ல. தலைவரின் கார்டு ஸ்டேட்மெண்ட் இயக்குநர் குழுவின் தணிக்கைக் கமிட்டிக்கோ, குறைந்தபட்சம் அவரால் வேலையை விட்டு நீக்க முடியாத ஒருவருக்கோ போக வேண்டும். மற்ற எல்லா விதிகளையும்விட இந்த ஒரு விதி முக்கியம் என்பது என் எண்ணம்.

சொந்தப் பையையும் பொதுப் பையையும் பிரித்து வைப்பது ஹைதராபாத்துக்குப் புதிதல்ல. நிஜாம் ஆட்சியில் மன்னரின் சொந்தச் செலவுக்கென்று ஒதுக்கிய நிலங்களுக்கு சர்ஃப்-எ-காஸ் என்று பெயர். அரசாங்கத்துக்கு வருமானம் தரும் திவானி நிலங்கள் வேறு. 1949ல் சர்ஃப்-எ-காஸ் அரசோடு சேர்க்கப்படும் வரை இரண்டுக்கும் நிர்வாகமே தனித்தனி. உலகின் பெரும் பணக்காரர் என்று பெயரெடுத்த மன்னருக்குக்கூடத் தாளில் கோடு ஒன்று இருந்தது. கோட்டை அவரே போட்டுக்கொண்டார், அதைத் தட்டிக்கேட்க ஆள் இல்லை என்பது உண்மைதான்.

தட்டிக்கேட்கும் ஏற்பாட்டுக்கு நாம் இன்னும் தெற்கே வர வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டி வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். கல்லூரியில் அதைப் பாடமாகப் படித்தபோது நானும் அப்படித்தான் படித்தேன். தேர்தலில் யார் நிற்கக் கூடாது என்ற பட்டியலில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய உறவுக்காரர்களும் வருகிறார்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். திருடியவர் வேறு வகை, அவருக்குத் தனியாகத் தடை இருக்கிறது. இவர் திருடியதாக யாரும் சொல்லவில்லை. கணக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். அதுவே போதும் என்று அந்த ஊர்ச் சபை நினைத்திருக்கிறது.

எங்கள் பெரியவர் கல்வெட்டுப் படித்தவர் அல்ல. அவருடைய நிபந்தனைகள் எளிமையானவை. செலவு செய்த ஏழு நாளுக்குள் வந்து எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் நல்லவனுக்கும் ஞாபகம் இருக்காது என்பார். தவறுதலாகச் சொந்தச் செலவு செய்தவர் தானாக வந்து சொன்னால் பணம் மட்டும் கட்டினால் போதும். சொல்லாமல் இருந்து ஸ்டேட்மெண்ட்டில் அகப்பட்டால் விஷயம் மேலே போகும். இந்த வித்தியாசத்தை அவர் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார். எனக்கும் சொல்லியிருக்கிறார், அந்த நான்கு பக்கத் தாளைவிட இதுதான் மனதில் நின்றது. இன்றைக்கு இதே வேலையைச் செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கார்டைத் தேய்த்த மறு நிமிடம் போனில் கேள்வி வருகிறது, பில்லைப் படம் பிடித்து அனுப்பிவிடலாம். நல்ல வசதிதான். ஆனால் ‘எதற்கு’ என்ற கட்டத்தில் ‘பிசினஸ்’ என்று ஒற்றைச் சொல்லைத் தட்டினாலும் மென்பொருள் ஏற்றுக்கொண்டுவிடும். பெரியவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். “எந்த பிசினஸ் அம்மா?” என்பார்.

எனக்கு ஆறு வரி மேலே இருந்த பெயர் எங்கள் நிர்வாக இயக்குநருடையது. ஒரு மருந்துக் கடை, 612 ரூபாய். ‘எவரிதோ’ கட்டத்தில் ஒரு கோடு. ‘எந்துக்கு’ கட்டத்தில், அம்மாவுக்கு மாத்திரை, சொந்தச் செலவு என்று அவர் கையெழுத்திலேயே. பக்கத்தில் குண்டூசியில் ரசீது. நான் எழுதிய 4,860 ரூபாயும் அதே குண்டூசி டப்பாவிலிருந்து எடுத்த ஊசியால்தான் குத்தப்பட்டது. அன்றைக்கு எனக்கு அவமானமாக இல்லாமல் போனதற்கு அந்த 612 ரூபாய் காரணம்.

பெரியவர் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகச் செலவில் அவருக்கு மதிய விருந்து கொடுத்தோம். பில் அவருடைய கார்டில்தான் போனது, வேறு யாரும் அன்று கார்டு கொண்டுவரவில்லை. சாப்பிட்டு வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பேரேட்டைத் திறந்தார். ‘எவரிதோ’ கட்டத்தில் பதினோரு பெயர்களையும் எழுதினார். இடம் போதாமல் கடைசி இரண்டு பெயர்கள் ஓரத்துக்குப் போயின. அதில் ஒன்று என்னுடையது.